ஒட்டாத டேப்பும் எஸ்தரின் கையெழுத்தும்

"போட மாட்டேன் சார்."

எஸ்தர் பேனாவை மேஜைமேல் வைத்தார். தூக்கி எறியவில்லை. மூடியைப் போட்டு, உருண்டு விடாதபடி காகிதத்தின்மேல் குறுக்காக வைத்தார்.

வெளியே ஐப்பசி மழை. ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலையின் தகரக் கூரைமேல் மழை விழுந்தால், மீட்டிங் ரூமில் சாதாரணமாகப் பேசுவதே சண்டை போடுவது போல இருக்கும். கத்தினால்தான் காதில் விழும். எஸ்தர் கத்தவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

மேஜைமேல் கறுப்புப் பிளாஸ்டிக் பட்டைகள் குவிந்து கிடந்தன. கார் கதவின் நடுவில், உரசல் படாமல் இருப்பதற்காக நீளமாக ஒரு பட்டை ஒட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். அவைதான். நாங்கள் பட்டையைச் செய்து, பின்பக்கம் இருபுறமும் ஒட்டுகிற டேப்பைப் போட்டு அனுப்புவோம். பக்கத்திலிருக்கும் கார்த் தொழிற்சாலையில் அதைக் கதவில் அழுத்தி ஒட்டுவார்கள். மழை பிடித்த பிறகு, அவர்களுடைய யார்டில் வரிசையாக நின்ற புதுக் கார்களிலிருந்து பட்டைகள் ஒவ்வொன்றாகக் கழன்று தரையில் விழ ஆரம்பித்திருந்தன.

காரணம் கேட்டார்கள். எங்கள் உற்பத்தி மேலாளர் மாரியப்பன் சார் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். டேப் போடுவதற்கு முன் பட்டையின் பின்பக்கத்தைச் சுத்தம் செய்யும் திரவத்தில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். எஸ்தரோடு சேர்த்து அந்த வேலையைச் செய்கிற ஆறு பெண்களும் ஒழுங்காகத் துடைக்கவில்லை; அதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான்.

"ஏம்மா, இது சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதாம். கஸ்டமருக்கு ஒரு பதில் சொல்லணும்லா? அஞ்சு பேரு போட்டுட்டாங்க. நீ மட்டும் ஏன் மல்லுக்கு நிக்க?" என்றார். சங்கரன்கோவில்காரர். கோபத்திலும் அந்த ஊர் இழுவை போகாது.

"தொடக்காம வுட்டிருந்தா நானே வந்து சொல்லியிருப்பேன் சார். தொடச்சிட்டு, தொடக்கலன்னு எப்டி எழுதிக் குடுக்கறது? கர்த்தருக்கு முன்னாடி பொய் சொல்ல சொல்றீங்களா?"

"அப்ப ஏன் விழுது? நீயே சொல்லு பாப்போம்."

"அது எனக்கு இன்னா சார் தெரியும்? அதெல்லாம் தெரிஞ்சவங்க மாடில தான உக்காந்துக்கினு கீறாங்க."

அறையில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மாடியில் இருந்தவள்

மாடி அறை என்னுடையது. ஒரு மேஜை, இரண்டு திரை, ஓயாமல் இரைகிற ஒரு சர்வர், அதைக் குளிர வைக்க ஒரு ஏசி. அந்த ஏசிக்காகவே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாடிக்கு வந்து என் ஆராய்ச்சியைப் பற்றி அக்கறையாக விசாரிக்கும் அதிகாரிகள் உண்டு. தொழிற்சாலையில் எனக்குக் 'கம்ப்யூட்டர் மேடம்' என்று பெயர். பிரிண்டர் நின்றுபோனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு பிரிண்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

நான் படித்தது வேதியியல். ஆனால் சோதனைக் குழாயைத் தொட்ட நாட்கள் குறைவு. மூலக்கூறுகளைக் கணினிக்குள் கட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவை ஒன்றையொன்று எவ்வளவு இழுக்கின்றன, ஏன் இழுக்கின்றன என்று கணக்கிடுவது என் படிப்பு. முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்டது இரண்டு பென்சீன் மூலக்கூறுகள். ஒன்றன்மேல் ஒன்று தட்டுப் போல அவை ஏன் அடுக்கி நிற்கின்றன என்பதில் என் இளமையின் நல்ல பகுதி போயிற்று.

மணிமங்கலத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் என் மாமா கேட்டார்: "இன்னாமா, இன்னும் முடியலியா? அப்டி இன்னாதான் படிக்கற?"

"ரெண்டு மூலக்கூறு ஏன் ஒட்டிக்கிதுன்னு படிக்கிறேன் மாமா."

"அதுக்கா இத்தினி வருசம்? கடையில பச வாங்கி தடவ வேண்டியதுதான?"

பந்தியே சிரித்தது. கடைசியில் பசை ஒட்டுகிற கம்பெனியிலேயே வேலைக்கு வந்து சேர்ந்தபோது, சிரிக்கிற முறை மறுபடியும் அவருடையதாயிற்று.

பங்கு போடாத சொந்தம்

இந்த இடத்தில் வாசகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தில் சகப்பிணைப்பு என்று ஒன்று படித்திருப்பீர்கள். இரண்டு அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்கு போட்டுக்கொண்டு ஒரே மூலக்கூறாக ஆகிவிடுவது. லேசில் உடையாது.

நான் படித்தது அதற்கு அடுத்த வீட்டு விஷயம். எதையும் பங்கு போடாமல், அவரவர் தனியாக இருந்துகொண்டே, இரண்டு மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்வது. தண்ணீர் ஆவியாகப் பறந்துவிடாமல் குடத்தில் தண்ணீராகவே நிற்பது இதனால்தான். பல்லி கூரையில் தலைகீழாக ஓடுவதும் இதனால்தான். பல்லியின் காலில் பசை ஏதும் கிடையாது.

இந்த இழுப்பில் பல வகை. ஒரு மூலக்கூறில் ஒரு முனை சற்று நேர்மின், இன்னொன்றில் ஒரு முனை சற்று எதிர்மின் என்றால் இரண்டும் நெருங்கும். ஹைட்ரஜன் பிணைப்பு பெரும்பாலும் இந்தச் சாதி. பலமானது. ஆனால் அதற்கு ஏற்ற ஜோடி எதிரில் இருந்தே ஆக வேண்டும்.

இன்னொன்று சிதறல் விசை. எலக்ட்ரான்கள் ஓர் இடத்தில் சும்மா இருப்பதில்லை. ஒரு கணம் இந்தப் பக்கம் கூடுதலாகச் சாயும். அந்தச் சாய்வைப் பார்த்து பக்கத்து மூலக்கூறின் எலக்ட்ரான்களும் சாயும். அந்தக் கணத்துக்கு இரண்டும் இழுத்துக்கொள்ளும். தனித்தனியாகப் பார்த்தால் அற்பமான இழுப்பு. ஆனால் இதற்கு ஜோடிப் பொருத்தம் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் எல்லாவற்றோடும் உண்டு. தொடுகிற இடம் கூடக் கூட மொத்தம் கூடிக்கொண்டே போகும்.

மொத்த இழுப்பில் எந்த வகை எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது என் தொழில். ஆய்வேட்டை முடித்த நாளில் ஒரு தேர்வாளர், "இதனால் யாருக்கு என்ன பயன்?" என்று கேட்டார். நிறைய பேசினேன். என்ன பேசினேன் என்று இப்போது நினைவில்லை. அப்போது எனக்கு எஸ்தரைத் தெரியாது.

பட்டையின் முதுகு

மீட்டிங் ரூமுக்குத் திரும்புகிறேன். எல்லோரும் பார்க்க, நான் ஒரு பட்டையை எடுத்துப் புரட்டினேன். பின்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளவென்றிருந்தது. பசையின் சுவடு கூட இல்லை.

"டேப் எங்க சார்?"

"டேப்பு கதவுலேயே கிடக்கு. நகத்தால சுரண்டினாலும் வர மாட்டேங்கு. பட்டை மட்டும் விழுந்திருச்சு."

கதவின் பெயின்ட்டை விடாமல் பிடித்துக்கொண்ட டேப், எங்கள் பிளாஸ்டிக்கை மட்டும் விட்டுவிட்டிருக்கிறது. எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது.

"இது முன்னாடி போட்ட அதே டேப்தானா?"

மாரியப்பன் சார் சிரித்தார். "அதைவிட ஒசத்தி. கோடையில மாத்தினோம். டேட்டா ஷீட்டைப் பாருங்க, ஒட்டுற பலம் பழசைவிட ஜாஸ்தி."

"எதுல ஒட்டிப் பாத்தாங்களாம்?"

"ஸ்டீல் தகட்டுல."

"நம்ம பட்டை ஸ்டீலா சார்?"

அவர் பதில் சொல்வதற்குள் நானே கேட்டேன்: "எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க. அதுவரைக்கும் அந்தப் பேப்பரை அனுப்பாதீங்க."

அனுப்பவில்லை. ஆனால் உற்பத்தி லைனில் எல்லோர் முன்னாலும் வைத்துத் திட்டி, விசாரணை முடியும்வரை ஆறு பேரும் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர்கள் ஒப்பந்தத் தொழிலாளிகள். வர வேண்டாம் என்றால் கேட்டுக்கு வெளியேதான். அன்றைக்கு ஷிப்ட் பஸ்ஸில் ஏறும்போது எஸ்தர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

தண்ணீரை நடுவில் வைத்தேன்

டேப் விற்றவர்களிடம் பேசி, இரண்டு பசையிலும் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்பதைப் பொதுவாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பழைய பசையின் மூலக்கூறுகளில் நீளமான எண்ணெய் வால்கள் நிறைய. புதியதில் அந்த வால்களைக் குறைத்து, அமிலத் தலைகளைக் கூட்டியிருந்தார்கள். ஹைட்ரஜன் பிணைப்பு போட்டால் பிடிப்பு கூடும் என்பது அவர்கள் கணக்கு. பெயின்ட்டுக்கும் இரும்புக்கும் அந்தக் கணக்கு முற்றிலும் சரி.

எங்கள் பிளாஸ்டிக்கோ மெழுகு ஜாதி. வெறும் கார்பனும் ஹைட்ரஜனும். அமிலத் தலை கையை நீட்டினால் பிடித்துக்கொள்ள எதிரில் ஆளே இல்லை.

கணினியில் பிளாஸ்டிக்கின் ஒரு துண்டைக் கட்டினேன். அதன்மேல் பழைய பசையின் துண்டை வைத்துக் கணக்கைப் போட்டேன். பிறகு புதிய பசை. காலையில் போட்டது மறுநாள் காலை நான் படப்பையில் பஸ் ஏறுவதற்குள் முடிந்திருந்தது.

பழைய பசையின் வால்கள் பிளாஸ்டிக்கின்மேல் பாய் விரித்தது போலப் படுத்துக்கொண்டன. பிடிப்பு ஏறக்குறைய முழுவதும் சிதறல் விசை. புதிய பசையில் அமிலத் தலைகள் பிளாஸ்டிக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒன்றுக்கொன்று ஜோடி சேர்ந்துகொண்டன. ஹைட்ரஜன் பிணைப்பு இருந்தது, பலமாகவே இருந்தது. பட்டைக்கு மட்டும் அதில் பங்கில்லை.

அப்புறம் நடுவில் சில தண்ணீர் மூலக்கூறுகளை வைத்தேன். பழைய பசை அவற்றைச் சட்டை செய்யவில்லை. புதியதில் அமிலத் தலைகள் தண்ணீரை வா என்று உள்ளே இழுத்துக்கொண்டன. பிளாஸ்டிக்குக்கும் பசைக்கும் நடுவே ஈரம் உட்கார்ந்துவிட்டது. கோடையில் சோதித்தபோது நின்ற பட்டை, ஐப்பசியில் ஏன் விழுந்தது என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

கணினியில் நான் வைத்தது துண்டுகள்தான், முழுப் பட்டை அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் விடை எந்தத் திசையில் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நேராக மாரியப்பன் சார் அறைக்குப் போனேன். முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, "மேடம், கம்ப்யூட்டர்ல ஒட்டினா கதவுல ஒட்டிருமா?" என்றார்.

"ஒட்டாதுன்னுதான் சார் சொல்றேன்."

அவர் சிரிக்காமல் இருக்க முயன்று தோற்றார்.

"பழைய டேப் ஸ்டோர்ல கொஞ்சம் மிச்சம் இருக்கு," என்றேன். "ரெண்டு டேப்பையும் போட்டுப் பாப்போம். எஸ்தர் துடைக்கட்டும். நீங்களும் துடைங்க. ரெண்டு பேர் பட்டையையும் ஈர அறையில வெப்போம். துடைக்கிறதுதான் காரணம்னா எஸ்தரோடது விழும், உங்களோடது நிக்கும். டேப்புதான் காரணம்னா, புது டேப் போட்டது யார் துடைச்சிருந்தாலும் விழும்."

"நானா?"

"எப்படித் துடைக்கணும்னு ட்ரெய்னிங் குடுத்தது நீங்கதான சார்?"

சற்று யோசித்தார். "சரி. அந்தம்மாவை வரச் சொல்லுங்க."

சுங்குவார்சத்திரத்தில் ஒரு டீ

எஸ்தர் அவ்வளவு எளிதாக வருவதாக இல்லை. போனில் பிடி கொடுக்கவில்லை. நேரிலேயே போனேன். சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த டீக்கடைக்கு வந்தார். செல்வியும் கூட வந்திருந்தார். செல்வி கையெழுத்துப் போட்ட ஐந்து பேரில் ஒருவர். டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றார்.

நான் சோதனையை விளக்கினேன். எஸ்தர் உன்னிப்பாகக் கேட்டார்.

"நான் தொடச்சது உழுந்துச்சின்னா?"

"விழும். புது டேப் போட்டது விழும். சார் தொடைச்சதும் விழும்."

"அவ்ளோ நிச்சயமா சொல்றீங்க?"

"ஆமா."

"சரி, நீங்க சொல்றது தப்பா பூட்டா? என்னுது உழுந்து, அவருது மட்டும் நின்னுச்சின்னா? மொத்தத்தையும் என் தலைல கட்டிடுவாங்க. அப்புறம் இந்த ரோட்டுல எந்தக் கம்பெனிக்காரன் என்ன சேத்துப்பான்? அப்ப உங்களுக்கு இன்னா ஆவும் மேடம்?"

லாரி ஒன்று சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போனது. நாங்கள் மூவரும் பின்வாங்கினோம்.

"எனக்கு ஒண்ணும் ஆகாது எஸ்தர். உங்களுக்குத்தான் ஆகும்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு கிளாசைக் காலி செய்து பலகைமேல் வைத்தார்.

"வரேன். இன்னா சொல்வீங்கன்னுதான் பாத்தேன். 'உங்களுக்கு ஒண்ணும் ஆவாது, நான் பாத்துக்கறேன்'னு சொல்லியிருந்தீங்கன்னா வந்திருக்க மாட்டேன்."

பஸ் வந்தபோது செல்வி மெல்லக் கேட்டார்: "மேடம், நெசமாவே நாங்க நல்லாதான் தொடச்சோமா?"

ஈர அறை

மாரியப்பன் சார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். கையுறை, புதுத் துணி, புதுத் திரவம். கோயில் விக்கிரகத்துக்கு அபிஷேகம் செய்வது போல ஒவ்வொரு பட்டையையும் துடைத்தார். எஸ்தர் தினமும் செய்கிற மாதிரியே செய்தார். ஒரே திசையில் ஓர் இழுப்பு, துணியின் பக்கத்தை மாற்றி இன்னோர் இழுப்பு, அடுத்த பட்டை. பாதிக்குப் புது டேப், பாதிக்குப் பழைய டேப். பட்டையின் முன்பக்கத்தில் யார் துடைத்தது என்று அவரவர் பெயரையே எழுதினோம். பிறகு பெயின்ட் அடித்த தகடுகளில் ஒட்டி, ஒவ்வொரு பட்டையிலும் சின்னதாக ஓர் எடையைத் தொங்கவிட்டு, சூடும் ஈரமும் நிறைந்த அறைக்குள் வைத்துக் கதவை மூடினோம்.

காத்திருந்த நாட்களில் நான் என் கணக்கை மறுபடி மறுபடி திறந்து பார்த்தேன். விடை மாறவில்லை. ஆனாலும் டீக்கடையில் எஸ்தர் கேட்ட கேள்வி, சாப்பிட உட்கார்ந்தால் கூடவே வந்து உட்கார்ந்தது. இரண்டு பென்சீனைப் பற்றி நான் தவறாகச் சொல்லியிருந்தால் எந்தப் பென்சீனுக்கும் வேலை போயிருக்காது.

கதவைத் திறந்த அன்று மதியம் மழை விட்டிருந்தது. வெந்நீர் அண்டாவைத் திறந்தது போல முகத்தில் ஆவி அடித்தது. மாரியப்பன் சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உள்ளே பார்த்தார்.

தரையில் பட்டைகள் கிடந்தன.

குனிந்து ஒன்றை எடுத்தார். அவர் பெயர். இன்னொன்று. எஸ்தர். அடுத்ததும் அவர் பெயர். விழுந்ததெல்லாம் புது டேப் போட்டவை. யார் துடைத்தது என்பதில் ஒரு வித்தியாசமும் இல்லை. வித்தியாசம் இருந்தது என்றால் ஒன்றுதான்: புது டேப்பையும் மீறி இன்னும் ஒரு முனையில் பிடித்துக்கொண்டு ஊசலாடிய ஒரே பட்டையில் எஸ்தரின் பெயர் இருந்தது.

பழைய டேப் போட்டவை எல்லாம், இருவர் துடைத்தவையும், எடையோடு அப்படியே நின்றன. மாரியப்பன் சார் ஒன்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். தகடே கூட வந்தது.

எஸ்தர் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். அது ஜெயித்தவர் முகமாக இல்லை.

"வாஸ்தவந்தாம்," என்றார் மாரியப்பன் சார் கடைசியில். "நாளைக்கு எல்லாரையும் வரச் சொல்லிருதேன். அந்தப் பேப்பரையும் திருப்பிக் குடுத்திருதேன். சரிதானம்மா?"

"சரி சார். ஆனா ஒண்ணு. எங்கள திட்டினது லைன்ல வெச்சி. எல்லாரும் பாத்தாங்க. இதையும் அங்கியே வெச்சி சொல்லிடுங்க."

ஷிப்ட் மாறும் நேரம்

அவர் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இந்த நெடுஞ்சாலையில் மேலாளர்கள் தவறை ஒப்புக்கொள்வது இமெயிலில், அதுவும் யார் தவறு என்று தெரியாத மாதிரியான இங்கிலீஷில்தான்.

மறுநாள் காலை ஷிப்ட் மாறும் நேரம். இரண்டு ஷிப்ட்காரர்களும் லைனில் கலந்து நின்றார்கள். மாரியப்பன் சார் அங்கே வந்து நின்றார். அறிவிப்பு வாசிக்கிற மைக்கை ஒருவர் நீட்டினார். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"பட்டை விழுந்ததுக்குக் காரணம் டேப்பு. அந்த டேப்பை ஓகே பண்ணினது நான். இவங்க ஆறு பேரும் ஒழுங்காத்தான் தொடச்சிருக்காங்க. தெரியாம பழியைத் தூக்கி இவங்க மேல போட்டுட்டேன். தப்பு என் பேர்லதாம்."

யாரும் கை தட்டவில்லை. அது கை தட்டுகிற மாதிரியான விஷயமாகவும் இல்லை.

திடீரென்று செல்வி அழ ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவர் தோளைத் தொட்டதும் அழுகை இன்னும் கூடியது. "நாந்தான் சரியா தொடக்கலியோன்னு நெனச்சிக்கினு இருந்தேன். கையெழுத்துப் போட்டதுலேருந்து எனக்கே அப்டித்தான் தோணிச்சி," என்று என்னிடம் சொன்னார். என்னால் அவருக்கு விளக்க முடிந்த எதுவும் அந்த நிமிஷத்துக்கு உதவுவதாக இல்லை. முகத்தைக் கழுவிவிட்டு வரட்டும் என்று எஸ்தர் அவரை அனுப்பினார்.

சைரன் ஊதியது. லைன் நகரத் தொடங்கியது. பழைய டேப் உருளைகள் ஸ்டோரிலிருந்து வந்திருந்தன. துடைக்கிற மேஜையில் ஐந்து பேர் நின்றார்கள். செல்வியின் இடம் காலி. அந்த இடத்துக்கு நேராக ஒரு பட்டை வந்தது, பின்னாலேயே இன்னொன்று.

மாரியப்பன் சார் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு செல்வியின் இடத்தில் போய் நின்றார். துணியை நனைத்து முதல் பட்டையை எடுத்துத் துடைத்து அடுத்த கைக்குத் தள்ளினார்.

அடுத்த கை எஸ்தருடையது. பட்டையை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அதை அப்படியே அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"சார், ஓரத்த வுட்டுட்டீங்க பாருங்க."